எந்திரிக்க ஒரு புடிமானம்

அம்மாவுக்கு மூத்தவன் கும்புட்டு எழுதறது. நான் நல்லாயிருக்கேன். உன் முட்டிவலி தேவலையா? நான் அனுப்பின தைலத்தைத் தேய்க்கறியா, இல்ல பரண் மேல பத்திரமா வச்சிருக்கியா?

இங்க வயசானவங்களுக்காக பஸ் ஸ்டாப்புல சிமெண்ட் பெஞ்சு கட்டுறோம். உசரத்தை மேஸ்திரி என்கிட்ட விட்டுட்டார். நான் உன்னை நினைச்சேன். நீ குட்டைப் பலகையிலதானே உக்காருவே? (அந்தப் பலகை கால் ஆடுச்சே, மாமா சரி பண்ணாரா? அது கிடக்கட்டும்.) அதே ஒண்ணரை சாண் உசரத்துலயே பெஞ்சையும் கட்டிட்டேன். ஒரு பெரியவர் வந்து உக்காந்தார். பஸ் வந்தப்போ அவரால எந்திரிக்க முடியல. நான் ஓடிப்போய்த் தூக்கறதுக்குள்ள பஸ் போயிருச்சு.

"பெஞ்சு கட்டினியா, பொறி வச்சியாப்பா?"ன்னு சிரிச்சார்.

"தப்பு என்மேலதான் ஐயா."

"அப்ப அடுத்த பஸ் வர்ற வரைக்கும் கூட உக்காரு."

இங்க வந்த எட்டு மாசத்துல தன்கூட என்னை உக்காரச் சொன்னவர் அவர் ஒருத்தர்தாம்மா.

மறுநாள் இன்னொரு வரிசை செங்கல் ஏத்தி, ஓரத்துல புடிச்சுக்கக் கம்பியும் வச்சேன்.

மேஸ்திரி கூப்பிடறார். ஒண்ணு மட்டும் தங்கச்சிய எழுதச் சொல்லு. நான் இருந்தப்போ என் தோளைப் புடிச்சு எந்திரிப்பே. இப்ப நீ எதைப் புடிச்சுக்கறே, அம்மா?