இடி இடித்தால் வெளியே ஓடும் பெட்டிக் கம்பெனி

என் தங்கச்சியைக் கட்டியவனே, என் கம்பெனியின் மறுபாதியே, செல்வராசு மாப்ளே,

வருசா வருசம் உன் நினைவு நாளுக்குப் போஸ்டர் அடித்து பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டுவோம். கோட்டு போட்டு நீ எடுத்த கல்யாணப் போட்டோவைத்தான் போடுவோம். அந்தக் கோட்டு ஸ்டுடியோக்காரனுடையது என்று எனக்கும் தங்கச்சி சரசுக்கும் மட்டும்தான் தெரியும். இந்த வருசம் போஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் கண்ணீர் விட இடம் இருக்கிறது, பேச இடம் இல்லை. எனக்கு உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது. நாலு பேர் கூடப் படித்தாலும் படிக்கட்டும்.

மாப்ளே, நாம் பட்டாசுத் தொழிலை விட்டுவிட்டோம்.

கோபப்படாதே. வெம்பக்கோட்டை ரோட்டில் நீயும் நானும் முள்வெட்டி எழுப்பிய கம்பெனி அது. தெரியும். ஆனால் வெடிமருந்து கலக்கும் ரூம் நீயும் மாரியப்பனும் உள்ளே இருக்கும்போதே வெடித்த அன்று காலையில் நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. உன் அரைஞாண் கொடியை வைத்துத்தான் உன்னை எடுத்தோம். மாரியப்பனுக்கு அதுவும் இல்லை. இருந்ததை அள்ளி, இதுதான் என்று அவன் பொண்டாட்டி முனியம்மாவிடம் கொடுத்தோம். அவளும் இதுதான் என்று வாங்கிக்கொண்டாள்.

கேஸ், சீல் எல்லாம் முடிந்து கேட்டைத் திறந்ததும் ஏஜென்டுகள் வந்துவிட்டார்கள். சீசன் வருகிறது, ஆர்டர் பிடியுங்கள் என்றார்கள். சரசுதான் முதல்முறையாக ஆபீஸ் ரூமுக்கு வந்தாள். உன் நாற்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றாள்.

“அண்ணே, இனிமே அந்த மருந்து நம்ம காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாது. ஆனா நம்ம ஜனம் ஒண்ணு வெளிய போகக்கூடாது. ரெண்டையும் நீங்கதான் பாக்கணும்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எப்படி என்று கேட்க வாய் திறப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். பத்தாவதை ரெண்டு தடவை எழுதிய மூளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் சொல்லு?

பேங்கில் போய் உட்கார்ந்தால், உங்க பிளான் என்ன என்று கேட்டார்கள். மதுரையில் ஒரு ஓட்டலில் கூட்டம் நடக்கிறது, போய்க் கேளுங்கள் என்றார்கள். டை கட்டிய ஒருத்தர் பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டு அம்பு விட்டார். தொழிலை மாற்றுகிறவர் முதலில் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும், முன்னால் நின்று தலைமை தாங்க வேண்டும் என்றார். சரி என்று அன்றைக்கே ஒரு ஷூ வாங்கிவிட்டேன். கடித்ததுதான் மிச்சம்.

கடைசியில் என் மகள் மீனாதான் பிளான் போட்டாள். பாலிடெக்னிக்கில் பிரிண்டிங் படிக்கிறாள். ஸ்வீட் பெட்டி செய்யலாம் என்றாள். “வெடி வாங்குற வீட்ல ஸ்வீட்டும் வாங்குவாகல்ல? அதே சீசன்தானேப்பா.” சிவகாசியில் ஒரு பழைய கட்டிங் மிஷின் கிடைத்தது. நாலு வாசல் வைத்துப் பெரிய ஷெட் போட்டோம். திருநெல்வேலியில் ஒரு இனிப்புக் கடை தீபாவளிக்கு ஆர்டர் கொடுத்தது. எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்தேன்.

ஜனம் மாறவில்லை, மாப்ளே. அட்டை மடிக்க வந்தவர்கள் செருப்பைக் கேட்டிலேயே கழற்றினார்கள். வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்தார்கள். ஷெட்டின் நடுவில் அவ்வளவு இடம் கிடக்க, அத்தனை பேரும் நாலு வாசலை ஒட்டியே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எது நடந்தாலும் முதல் தாவலில் வெளியே விழ வேண்டும், அதுதானே பட்டாசு ரூமில் பழக்கம்? கதவு ஒன்றையும் சாத்த விடமாட்டார்கள். முனியம்மா பசை வாளியை இரண்டு கையிலும் ஏந்தி, தரையில் உரசாமல், பிள்ளையைக் கிடத்துவது மாதிரி வைத்தாள்.

“ஏத்தா முனியம்மா, அது பசை. வெடிக்காது” என்றேன் சிரித்துக்கொண்டு.

“அன்னைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்லிட்டுப் போனாக, மொதலாளி.”

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மத்தியானம் வெம்பக்கோட்டை அணைப் பக்கமிருந்து மேகம் ஏறியது. மின்னல் வெட்டியது, இடி இறங்கியது. “எல்லாரும் வெளிய வாங்க!” என்று ஒருத்தர் கத்தினார். அந்த ஒருத்தர் நான்தான். பசை தடவிய பெட்டியைப் போட்டது போட்டபடி அத்தனை பெண்களும் ஓடிவந்து, ஷெட்டுக்குத் தள்ளி வெட்டவெளியில் மழையில் நின்றார்கள். நான் முன்னால் நின்றேன். டை கட்டிய மதுரைக்காரர் சொன்னபடி தலைமை தாங்கினேன்.

மீனா குடையோடு வந்தாள். “அப்பா, உள்ள மருந்தா இருக்கு, அட்டைதான? எதுக்கு எல்லாரும் மழைல நிக்கிறீக?”

முனியம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த முனியம்மா அப்படியே சகதியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவள் புருசனுக்கு ஓடிவர நேரம் இருந்திருந்தால் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் உன்னை நினைத்தேன்.

திறந்து கிடந்த நாலு வாசல் வழியாகவும் சாரல் அடித்து அட்டை ஊறிவிட்டது. லோடு பாதி திரும்பி வந்தது. “அண்ணாச்சி, இதுல லட்டு வச்சா லட்டுக்குக் காய்ச்சல் வந்துரும்” என்றார் கடைக்காரர். நல்ல மனுசன், அடுத்த ஆர்டரை மட்டும் நிறுத்தவில்லை.

ஆனால் நம்மைக் கவிழ்த்தது மழை இல்லை. பெட்டி மடிக்கிற கூலி, மருந்து அடைக்கிற கூலிக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. போதாக்குறைக்கு இப்போது கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்றே தெரியாது. மிஷின் நின்றால் மடிக்க அட்டை இல்லை. ஒவ்வொருத்தராக வேறு பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். கடைசியில் முனியம்மாவும் வந்து நின்றாள்.

“உனக்குமா அங்கன போக மனசு வருது?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“மனசு எங்க வருது? பயத்துக்கும் சேத்துத்தான் மொதலாளி அங்கன கூலி. இங்கன பயம் இல்ல, கூலியும் இல்ல. மகளை நர்சிங்ல சேத்துருக்கேன். அவ படிப்பு இந்தப் பெட்டிக்குள்ள அடங்க மாட்டேங்குது.”

நம் காம்பவுண்டுக்குள் மருந்து இல்லை. நம் ஜனம் மருந்தைத் தேடி வெளியே போகிறது. இதற்கா இவ்வளவு பாடு? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? ஏஜென்டு மறுபடி வந்தார். ஒரே ஒரு ரூமில் கம்பி மத்தாப்பு மட்டும் போடலாம், அதில் அவ்வளவு ஆபத்து இல்லை என்று சரசுவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

“அவுக இருந்த ரூமுலயும் வெடிக்காத பூச்சட்டி வாணத்துக்குத்தான் மருந்து கலக்குனாக” என்றாள். அவ்வளவுதான், என் பேச்சு முடிந்தது. பிறகு அவளே சொன்னாள்: “லாபத்துல அவரு பங்குன்னு எனக்குத் தர்றீகல்ல, அது வேண்டாம். கூலியில போடுங்க. அங்கன என்ன குடுக்காகளோ அதை இங்கனயும் குடுங்க.”

“உன் பங்கு மட்டும் பத்தாது, சரசு.”

“உங்க பங்கையும் சேத்துத்தான் சொல்றேன்.”

அவளை உனக்குக் கட்டிக்கொடுத்தபோது வாயில்லாப் பூச்சி என்று சொன்னேன். அந்தப் பொய்க்கு இப்போது அனுபவிக்கிறேன்.

அந்த வாரமே சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் பட்டாசு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். “வாங்கத்தான் எல்லாரும் நடையா நடப்பாக, நீங்க என்ன குடுக்க வந்துருக்கீக?” என்று அங்கிருந்தவர் ஏற இறங்கப் பார்த்தார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். உன்னை இரண்டாவது தடவை எடுத்துப் போட்டது மாதிரி இருந்தது.

கூலியைக் கூட்டியதும் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். கரண்ட் இருக்கும்போதே அட்டையை வெட்டி அடுக்கிக்கொள்ளப் பழகிவிட்டோம். மீதிப் பேர் புதுக் கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள். அட்வான்ஸ் வாங்கினால் தீபாவளி வரை அங்கிருந்து நகர முடியாது, உனக்குத் தெரியாததா? நாமும் அப்படித்தானே கட்டிப்போட்டு வேலை வாங்கினோம். அந்த அட்வான்ஸ் பணத்தை நானே கட்டிவிடுகிறேன் என்று போய்க் கேட்டேன். சீசனில் ஆளை விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் முனியம்மாவும் ஒருத்தி.

தினமும் காலையில் நம் வேனில் நானும் போகிறேன். ஆமத்தூரில் அவள் தெருமுனையில் நம் வேனும் நிற்கிறது, அந்தக் கம்பெனி வேனும் நிற்கிறது. அவள் அதில் ஏறி ஜன்னலோரம் உட்காருகிறாள்.

“எனக்காக நிக்காதீக மொதலாளி, மத்தவுகளுக்கு லேட்டாகுது.”

“உனக்காக யாரு நிக்கா? டிரைவர் டீ குடிக்கான்.”

டிரைவருக்கு டீ பழக்கம் இல்லை. அவளுக்கும் அது தெரியும். சாயங்காலம் மற்றவர்களை இறக்கிவிட்டு, அந்த வேன் வருகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறேன். அவள் கால் தரையில் பட்டதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறேன். இப்போது வேலை வேகம் பிடிக்கிற நேரம். வேன் கொஞ்சம் பிந்தினால் போதும், என் காது அந்தக் கம்பெனி இருக்கிற வெம்பக்கோட்டைப் பக்கமே கிடக்கிறது.

மாப்ளே, தீபாவளி முடிந்து அவள் நம் வேனில் ஏறுவாள். ஏறாவிட்டால் அதற்கு மறுநாளும் வேன் நிற்கும், நானும் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அது வரைக்கும் மாரியப்பன் அங்கே உன்னிடம் வந்து, என் பொண்டாட்டி எங்கே வேலைக்குப் போகிறாள் என்று கேட்டால், மொதலாளியிடம்தான் இருக்கிறாள் என்று சொல்லிவை. நான் அதை உண்மையாக்கிவிடுகிறேன்.

கடிக்கிற ஷூவோடு நிற்கும் உன் மச்சான்,
சரசுவின் அண்ணன், மீனாவின் அப்பன்,
தங்கப்பாண்டி