கலைந்த எழுத்தும் கலையாத என் கண்ணும்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீ சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னதில்தான் எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து சொட்டு மருந்து விடுவது என் வேலை, குறி தப்பிக் கன்னத்தில் விட்டுவிட்டுத் திட்டு வாங்குகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகலும் ஒருவழியாக நின்றது. இதெல்லாம் போனிலேயே சொல்லலாம். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருப்பதால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் நீ பேசும்போது, "நீங்க கண்டுபிடிக்கலன்னா நான் இன்னைக்கு இல்லப்பா, அச்சாபீஸ்ல பிழை திருத்தின கண்ணு சும்மாவா" என்றாய். டாக்டரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாயாம். நான் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று சிரித்து வைத்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பாய். அடக்கம் இல்லை, திருட்டு. கண்டுபிடித்தது உன் அம்மா.

நீ குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒன்றுமில்லை என்று வேலைக்குப் போய், மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்துகொண்டிருந்த நாட்களில் உன் செய்திகள் என் போனுக்குத்தான் வந்தன. "அப்பா நான் நல்லா இக்ருகேன், தலை மடுட்ம் வக்லிகுது, தூகிங்னா சயாரிடுயிம்." இப்போது எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கலைந்து கிடக்கிறது. அன்றைக்கு ஒரு இடத்திலும் தட்டாமல் படித்தேன். கண் எல்லா எழுத்தையும் நின்று பார்ப்பதில்லை, முதலும் கடைசியும் இடத்தில் இருந்து, சொல்ல வருவது இன்னதென்று தெரிந்துவிட்டால், நடுவில் கலைந்ததை மூளை தானே அடுக்கிக்கொண்டு போய்விடும். இது எனக்குத் தெரியாததா? அதனால்தான் அச்சாபீஸில் முக்கியமான பக்கங்களைக் கடைசி வரியிலிருந்து மேலே படிப்போம், அர்த்தம் புரிந்தால் பிழை ஒளிந்துகொள்ளும். முன்பின் தெரியாதவர்களின் புத்தகத்துக்கு அவ்வளவு பாடுபட்டவன், பெற்ற மகள் எழுதியதை, நல்லா இருக்கேன், தூங்கினா சரியாயிடும் என்றுதான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு படித்தேன்.

அப்போது பார்வை மங்கியிருந்த அம்மா என் போன்மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, விரலை ஓட்டி, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். "என்னங்க இது, இவ இப்படி எழுத மாட்டாளே" என்றாள். அவசரத்தில் நீ தட்டியிருப்பாய் என்றேன், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டாதே என்று அவளை அதட்டினேன். "இத்தனை வார்த்தை கலைஞ்சிருக்குங்க, ஒரு போன் போடுங்க" என்றாள். வேலை நேரத்தில் பிள்ளையைப் பயமுறுத்தாதே என்று போனை அவள் கையிலிருந்து பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். ஆமாம், பிடுங்கினேன். நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனதும் அதை எடுத்து மாப்பிள்ளையிடம் பேசியிருக்கிறாள். என் போனிலிருந்து வந்ததால், நான் பார்த்துச் சொல்லித்தான் அவள் பேசுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் ஓடி வந்தபோது நீ செருப்பைக் கையில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். அன்றைக்கே ஆபரேஷன். என் பேச்சை அவள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இதைவிட அசிங்கம் ஒன்று உண்டு. நீ என்னைப் புகழ்ந்தபோது ஸ்பீக்கர் போட்டிருந்தேன், அம்மா பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். போனை வைத்த பிறகு, "கண்டுபிடிச்சது நான்தான்னு நீ ஏன் சொல்லல" என்று அவளிடம் கேட்டேன். "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். அதிலிருந்து அவள் பரிமாறும்போது தட்டைத்தான் பார்க்கிறேன்.

ஆகையால் டாக்டரிடமும் மற்றவர்களிடமும் மாற்றிச் சொல்லிவிடு. என்மேல் கோபம் வந்தால் அடக்கிக்கொள்ளாதே. கனமான வாளியைத் தூக்காதே, குளியலறையில் வழுக்காத மிதியடி போடச் சொல், மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்காதே. நோய்நொடி அண்டாமல் நீயும் மாப்பிள்ளையும் நெடுநாள் வாழ வேண்டும், அதுதான் எங்கள் ஆசி. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு, அந்த நேரம் நான் வெளியே போய்விடுகிறேன். அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து கேட்பேன். உனக்கு முதலில் எழுதியது, பிறகு பின்வாங்க வழி இருக்கக் கூடாது என்றுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா