ஒன்றரை அடி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உன் அத்தானுக்கு முழங்கால் வலி, எனக்கு அலைச்சல். மற்றபடி நாள் ஓடுகிறது. பாப்பாவுக்கு முன்பல் முளைத்ததா? போட்டோவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள், உன்னைப் போலவே அழுத்தக்காரி.

நம் மனை விஷயத்துக்கு வருகிறேன். முன்னால் உனக்கும் பின்னால் எனக்குமாக இரண்டு வீடு கட்ட நகராட்சி அலுவலகத்தில் அனுமதிக்குக் கொடுத்த வரைபடம் நான்காவது முறையும் திரும்பி வந்துவிட்டது. முதல் தடவை, முன்பக்கம் பத்தடி காலியாக விடவில்லை என்றார்கள். விட்டோம். அடுத்து, உன் முன் வீட்டுக்கும் என் பின் வீட்டுக்கும் நடுவே இடைவெளி போதாது என்றார்கள். என் கூடத்தைச் சுருக்கினேன். பிறகு, பின் வீட்டுக்குப் போக அகலமான பாதை எங்கே என்றார்கள். அதற்கு வழி விட்டதில் உன் படுக்கையறை ஒன்று போயிற்று. அந்த அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்துவிட்டது. வாசல் காவலர் என்னைப் பார்த்ததுமே, "வாங்கக்கா, இன்னிக்கு எதைக் கொறைக்கச் சொன்னாங்க?" என்கிறார்.

இந்த முறை தெரு. ஒரே மனையில் இரண்டு வீடு என்றால் தெரு இருபது அடி இருக்க வேண்டுமாம். நம் வாசலில் பதினெட்டரைதான் இருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில், எதிர் வீட்டுக்காரர் படிக்கட்டைத் தெருவில் நீட்டியிருக்கிறார், முதலில் அவரைக் கேளுங்கள் என்று அதிகாரி அம்மாவிடம் சத்தம் போட்டுவிட்டேன். அந்த அம்மா டேப்போடு நேரிலேயே வந்தார். எதிர் வீட்டுப் படி அவர்கள் எல்லைக்குள்தான் இருக்கிறது. தெருவுக்குள் நிற்பது நம் மதில். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுநாள் எதிர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, விடுங்கம்மா" என்றார் அவர். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

உனக்கு நினைவிருக்கும். அப்பா மதிலைப் புதிதாகக் கட்டியபோது, "ஒன்னரை அடிதானே, யாரு வந்து கேக்கப் போறாங்க" என்று நூலைத் தெருப்பக்கம் நகர்த்திக் கட்டினார். நீயும் நானும்தான் செங்கல் எடுத்துக் கொடுத்தோம். என்ன சாமர்த்தியம் என்று பூரித்துப் போனோம்.

மதிலை இடித்து உள்ளே கட்டினால் தெரு சரியாகிவிடும். ஆனால் அந்த ஒன்றரை அடியையும் நம்முடையது என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் வரைந்திருக்கிறோம். அது போனால் எல்லாம் பின்னால் தள்ளிப்போய், பின் வீட்டுச் சமையலறை அளவு குறைந்து, விதிப்படி அது சமையலறையே இல்லை என்றாகிவிடும். அடுப்பை உள்ளே வைத்துவிட்டு ஆள் வெளியே நின்று சமைக்கலாமே என்று உன் அத்தான் கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரைபடக்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கு மேல இழுக்காதீங்கம்மா. ஒரே வீடா கேளுங்க, உடனே கிடைச்சுடும்" என்கிறார். மாடியில் இன்னொரு சமையலறை வைக்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு சமையலறை இருந்தால் இரண்டு வீடு என்றே எடுத்துக்கொள்வார்களாம்.

இரண்டு வீடு எதற்கு என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். உன் மனைவி எடுத்து வைத்த பாத்திரத்தையெல்லாம் இடம் மாற்றி வைத்தவள் நான். அவள் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னதை ஊர் முழுக்கச் சொன்னவளும் நான். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆறு வருடம் ஆகிறது. தனி வாசல் இருந்தால் திரும்பி வருகிறோம் என்று நீ எழுதினாய். அந்த வாசலுக்குத்தான் இத்தனை அலைந்தேன். என்னால் வாங்கித் தர முடியவில்லையடா.

வேறு வழியில்லாமல் ஒரே வீடாக வரையச் சொல்லிவிட்டேன். சமையலறையை மட்டும் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். அடுப்பு எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம், அலமாரி எவ்வளவு உயரம் என்று உன் மனைவி தன் கையால் வரைந்து அனுப்பட்டும். அவள் சொல்கிறபடியே இருக்கட்டும். உப்பு எங்கே இருக்கிறது என்று நான் அவளைக் கேட்டு எடுத்துக்கொள்கிறேன்.

இதை அவளிடம் படித்துக் காட்டு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உன் அக்கா