ஒழுகாத ஒரே இணைப்பு

அனுப்புநர்:
பேருந்து ஓட்டுநர்,
கூடாரம் எண் 7,
பணிமனை மைதானத் தற்காலிகக் குடியிருப்பு.

பெறுநர்:
தரக்கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
மறுவாழ்வுத் துறை.

பொருள்: கூடாரக் கூரையின் இணைப்புகள் பிரிந்தது – மாதிரிக்காக எஞ்சிய நல்ல இணைப்பை வெட்டாதிருக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெள்ளத்தில் வீடிழந்த எங்களுக்குக் கூடாரம் தந்தீர்கள். நன்றி. அதன் கூரை, நீர் புகாத பூச்சிட்ட துணிப் பட்டைகளால் ஆனது. ஊசித் துளைகூட இருக்கக் கூடாதென்று பட்டைகளைத் தைக்காமல், மீயொலி இயந்திரத்தால் ஓரங்களை உருக்கி ஒட்டியிருப்பதாகத் தங்கள் உதவியாளர் விளக்கினார். கேட்க ஆறுதலாக இருந்தது. முதல் மழைக் காற்றில் இணைப்புகள் வாழைப்பழத் தோல் போல உரிந்து வந்தன.

2. புகாரின்பேரில் வந்த ஆய்வாளர், வலிமையைச் சோதிக்கவென்று துணியின் நடுவில் ஒரு முழம் வெட்டிச் சென்றார். துணி அமோகமாகத் தேறியது. "யானையை விட்டு இழுத்தாலும் கிழியாதுங்க" என்றார். "துணி கிழிஞ்சுதுன்னு யாருங்க சொன்னா? ஒட்டுன இடம்தானே பிரிஞ்சுது" என்று என் மாமியார் கேட்டதற்கு, அது வேறு சோதனை என்று பதில் வந்தது. வெட்டிய இடத்திலும் இப்போது ஒழுகுகிறது. அது இந்தப் புகாரில் சேராது என்பதால் தனியாக எழுதுகிறேன்.

3. இணைப்பைச் சோதிக்கும்படி மீண்டும் அலைந்தேன். பிரிந்துபோனதை இழுத்துப் பார்க்க முடியாது, விதிப்படி பிரியாத இணைப்பே மாதிரியாக வேண்டும் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். எங்கள் கூடாரத்தில் பிரியாதது ஒன்றே ஒன்றுதான். வரும் திங்களன்று கத்தரியோடு வருகிறார்.

4. அந்த இணைப்பின் கீழேதான் என் மனைவி, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத எங்கள் மகளோடு படுத்திருக்கிறாள். நானும் மாமியாரும் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்கிறோம். எங்களுக்குப் பழகிவிட்டது. குழந்தைக்குப் பழக வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

5. ஆகவே, பிரிந்த இணைப்புகளையே பிரிந்ததற்குச் சான்றாக ஏற்று, வேறு கூரை தர வேண்டுகிறேன். மாதிரி வேண்டுமென்றால், தங்கள் கிடங்கில் இதே கூடாரங்கள் கட்டுப் பிரிக்காமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. விதி அதற்கும் இடம் தராதெனில், வெட்டிய துண்டின் சோதனை முடிவு வரும்வரை ஆய்வாளர் என் மகளுக்குக் குடை பிடித்து நிற்குமாறு ஆணையிட வேண்டுகிறேன். குடையை நானே தருகிறேன். அது தைத்த குடை.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
கூடாரம் எண் 7-இன் குடும்பத் தலைவர்

நாள்: வியாழக்கிழமை, தூறல்
இடம்: கூடாரத்தின் உலர்ந்த மூலை