அலுமினியத்தில் போன கட்டுச்சோறு

வடக்கனந்தல்
30-9-1987

அன்புள்ள இளஞ்செழியனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கண்ணகியும் நலம், மாடு இரண்டும்கூட நலம். நீ கோர்பாவில் அலுமினிய ஆலை வேலைக்கு நடுவே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். ஒரு வாரம் மறியலில் பஸ்ஸும் இல்லை தபாலும் இல்லை, அதனால்தான் உன் தங்கை கண்ணகியின் வளைகாப்புச் சேதி தாமதமாக வருகிறது, கோபித்துக்கொள்ளாதே.

போன இரண்டு முறையும் புகுந்த வீட்டில் ஓயாத வேலையில் அவளுக்குக் கரு தங்காமல் போனது உனக்குத் தெரியும். இந்தத் தடவை ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, நம் வீட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்பதே என் ஒரே கவலை. எட்டாம் மாதம் பிறந்தால் அனுப்ப மாட்டார்கள், அமைந்ததோ ஒரே நல்ல நாள், அதுவும் மறியலுக்குள் வந்து மாட்டிக்கொண்டது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். யார் என்று கேட்காதே, நம் ஊர் முனைப் புளியமரத்தில் முதல் கோடாலி போட்டதே உன் அப்பாதான். பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும்தானே என்று மார்தட்டிக்கொண்டு வந்தவர், சம்பந்தி வீட்டுக்கு இனி வண்டி எப்படிப் போகும் என்று நான் கேட்டதும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

ஈயம் பூசிய பித்தளை அடுக்கை வண்டி இல்லாமல் யார் சுமப்பது, வெறும் பாத்திரமே ஆளை அழுத்தும். அப்போதுதான் பரண்மேல் கிடந்த உன் அலுமினியப் பாத்திரங்கள் நினைவு வந்தன. நீ வாங்கி வந்தபோது நான் முகம் சுளித்தேன், நீயோ துருப்பிடிக்காது, சீக்கிரம் சூடேறும், கரண்டுக் கம்பி, மாத்திரை அட்டை, பால் சொசைட்டி கேன், ஆகாய விமானம் எல்லாம் இதுதான் என்று பாடம் நடத்தினாய். நீ சொன்னது சரிதான், எடையே தெரியவில்லை. ஏழு வகைச் சோற்றையும் தலையிலும் சைக்கிளிலும் வைத்து மரத்துக்கு மரம் ஏறி இறங்கிப் போனோம், மறியல் பிள்ளைகளே பாத்திரத்தை வாங்கி அந்தப் பக்கம் இறக்கித் தந்தார்கள். ஆனால் புளி மட்டும் ஆகாது என்று நீ படித்துப் படித்துச் சொன்னதை மறந்து, முதல் நாளே புளிச்சோற்றைக் கிளறி அதிலேயே மூடி வைத்துவிட்டேன். அங்கே போய்த் திறந்தால் ஓரமெல்லாம் சாம்பல் நிறம். அவள் மாமியார் குனிந்து பார்த்து, “இன்னாங்க, சோறு இப்டி கறுத்துக்கீது?” என்றார். சகுனம் சரியில்லை என்று பெண்ணை அனுப்பாமல் விட்டுவிடுவாரோ என்று அவசரமாக மூடியை எடுத்து மூடப் போனேன். உன் அப்பா முந்திக்கொண்டு, “சோத்து மேல தப்பு இல்லீங்க சம்பந்தி, ரோட்ல மரத்த வெட்டிப் போட்டவனே நாந்தான். வண்டி வராதுன்னு அலுமினியத்துல தூக்கினு வந்தோம்” என்று போட்டு உடைத்தார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “வெட்னவரே ஏறிக் குதிச்சினு வந்தீங்களா” என்று சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. பிறகு புளிச்சோற்றை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, “ரோடு தொறந்ததும் வண்டி கட்டியாந்து கூட்டினு போங்க” என்றார்.

மறியல் முடிந்ததும் அப்பாவே அதே கோடாலியோடு போய் மரத்தைத் துண்டாக்கி வழி செய்து, வண்டியில் வைக்கோல் பரப்பி அவளை அழைத்து வந்தார். நர்சம்மா பார்த்துவிட்டுக் குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். அப்படியும் பிள்ளைக்கென்று ஒரு துணி எடுத்து வைக்க இவள் விடவில்லை, அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள், எனக்கும் பயம்தான். இன்று காலை நான் உனக்கு எழுத உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அண்ணன் லீவுல வரும்போது ஒரு சின்னக் கிண்ணம் வாங்கியாரச் சொல்லும்மா, புள்ளைக்குப் பருப்புஞ்சோறு பெசைய” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உலைப் பக்கம் செருப்பில்லாமல் போகாதே. எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ்க. கிண்ணத்தை மறந்துவிடாதே, அலுமினியமே போதும்.

உன் அம்மா,
ஆண்டாள்