அருளம்மாள் போகிற பாதையில் கிடந்த வண்டி

சேசு மரி சூசை துணை

ஆவூர்
12-7-66

அன்புள்ள மகள் மரிய செல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, தங்கச்சி அருளம்மாள், மாடு இரண்டு, எல்லோரும் சுகம். ஜபல்பூரில் நீயும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறோம். சுகம் என்று எழுதினாலும் எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, மானத்தில் அதைவிடப் பெரிய சிராய்ப்பு. கண் தெரியாதவர்களுக்குக் கம்பு பிடித்து நடக்கக் கற்றுக்கொடுக்கத் திருச்சியிலிருந்து வந்திருக்கும் வேளாங்கண்ணி டீச்சர், மகள் அருளம்மாள் படும் பாடு அப்பனுக்கும் தெரியட்டும் என்று என் கண்ணைத் துண்டால் கட்டி, கம்பைக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார். என் வீடு எனக்குத் தெரியாதா என்று நிமிர்ந்து நடந்தேன், வாசற்படி தடுக்கி உள்ளே விழுந்தேன், விழுந்த கையோடு தண்ணி கொண்டாடி என்று அதட்டினேன். கண்கட்டை அவிழ்த்தால் அது பக்கத்து மூக்கன் வீடு, எதிரே அவன் பெண்சாதி ராக்காயி விளக்குமாற்றோடு நிற்கிறாள். உன் அம்மா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

தங்கச்சியைத் தனியாக விடாதீர்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் கூடை முடையும் வேலைக்குத் தானாக வந்து போகிறவளைத்தான் எடுக்க முடியும், உமக்குப் பிறகு அவளை யார் கூட்டி வருவார் என்று கன்னியர் மடத்து மதர் கேட்டார்கள், அதனால்தான் டீச்சரிடம் பழக விட்டேன். அம்மையில் இரண்டு கண்ணோடு இடது காதும் போனதால் சத்தத்தை வைத்து அவளுக்குத் திசை தெரியாதாம், கம்பில் படுவதும் காலில் படுவதும்தான் வழியாம். தெரு முடிவில் அச்சு முறிந்து கிடக்கும் மூக்கன் வண்டியில் கம்பு தட்டியதும் இடப்பக்கம் திரும்பினால் மடம், அப்படித்தான் டீச்சர் பழக்கியிருந்தார். நேற்று முதல் தடவையாகத் தனியே போக வேண்டும். முந்தின சாயங்காலம் நானும் மூக்கனும், பிள்ளை தடுக்கி விழக்கூடாதே என்று அந்த வண்டியை இழுத்துப் போய்ப் புளியமரத்தடியில் போட்டுவிட்டு, பெரிய காரியம் செய்தவர்கள் போலப் பீடி பற்றவைத்துக்கொண்டோம்.

காலையில் நானும் டீச்சரும் மடத்து வாசலில் நின்றோம். அவள் வந்தாள், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை, இல்லாத வண்டியைத் தேடிக்கொண்டு நேராக மூக்கன் புஞ்சைக்குள் இறங்கிவிட்டாள். அங்கே அவளுக்கு வலப்பக்கம் சுவர் இல்லாத கிணறு இருப்பது உனக்குத் தெரியும். நான் கத்துவதற்குள் டீச்சர் என் தோளை அழுத்தி, "கூப்பிடாதீங்க. நாம எங்கிட்டு நின்னு கூப்பிட்டாலும் அவளுக்கு வலப்பக்கந்தான் கேக்கும், கெணத்துப் பக்கம் திரும்பிருவா" என்று சொல்லிவிட்டு ஓடினார். நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். பெற்ற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாத நேரமும் உண்டு என்று நேற்றுத்தான் தெரிந்தது.

உழுத மண் காலில் பட்டதும் அவளே நின்றாள். இன்னும் கொஞ்சம் ஒதுங்கியிருந்தால் கிணறு. குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள், வந்த வழியே திரும்பினாள், நாங்கள் வண்டியை இழுத்த தடம் கம்பில் பட்டதும் அதைப் பிடித்துக்கொண்டே புளியமரத்துக்குப் போய்ச் சக்கரத்தைத் தட்டினாள். டீச்சர் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார், நான் பின்னால் போய்ச் சேர்ந்தேன். எந்தப் புண்ணியவான் இதை நகட்டுனது என்று கேட்டாள். நாந்தான் ஆத்தா, நீ தடுக்கி விழுந்துருவியேன்னு, என்றேன். "விழுந்தா எந்திரிச்சுக்குவேம்ப்பா. தடுக்க ஒண்ணும் இல்லாமத்தான் கெணத்துப் பக்கம் போனேன்" என்றாள். வண்டியை அப்போதே பழைய இடத்தில் போட்டாயிற்று. மூக்கன்தான் என் கண்ணில் படாமல் திரிகிறான்.

நைட் டூட்டிக்குச் சாப்பிடாமல் போகாதே, மழைக்காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடி. தங்கச்சிக்கு வாங்குவதாகச் சொன்ன செருப்பு தடித்த அடியாக வேண்டாம், மண் காலுக்குத் தெரிகிற மாதிரி மெல்லிசாக வாங்கு, மறந்துவிடாதே. சர்வேசுரன் உன்னை எந்தக் குறையும் அண்டாமல் காப்பாராக. இன்று காலை அவள் மறுபடியும் கம்பை எடுத்துக்கொண்டு போயிட்டு வாரேம்ப்பா என்றாள், சரித்தா என்றேன். நானும் கூட வாரேன் என்று கிளம்பாமல் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பன்
சூசைமாணிக்கம்