விலக்கு வேண்டாத ஐந்து பேர்

ஜூன் 18

அன்புள்ள சின்னுவுக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதம் என்றால் நீ எடுத்துப் படிக்கும்வரை மேசைமேல் பொறுமையாகக் கிடக்கும். உன் அக்காவுக்கு இல்லாத பொறுமை.

இந்த வருடம் எட்டாம் வகுப்புக்கு இரண்டாம் மொழி எனக்கு. முதல் நாள் நான் உள்ளே நுழைகிறேன், ஐந்து பிள்ளைகள் எழுந்து வெளியே போகிறார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் விரட்டவில்லை. மணி அடித்ததும் பழக்கத்தில் போகிறார்கள். பாடம் முடிந்து தேடிப் போனேன். சாமான்கள் வைக்கும் அறையில் தரையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க என்ன பண்றீங்க?" என்றேன்.

"நாங்க விலக்கு, டீச்சர்" என்றாள் ஒரு பெண். ஏதோ பதவியைச் சொல்வது போலச் சொன்னாள்.

அவளுக்குக் காது மிகவும் மந்தம், கருவி மாட்டியிருக்கிறாள். வெளிச்சத்தில் நம் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அதனால் எப்போதும் ஜன்னலோரம்தான். பிள்ளைகள் அவளை ஜன்னல் என்றே கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்புகிறாள். இன்னொருவனுக்கு எழுத்துகள் இடம் மாறிப்போகும். ஒருவனுக்குக் கை நடுங்கும். நாலாவது பெண்ணின் அப்பா அம்மா கட்டட வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். அவள் ஏற்கெனவே மூன்று மொழி பேசுகிறாள், நாலாவதற்கு அவளுக்கு மூளை போதாதாம்! ஐந்தாவது பையனுக்கு ஒரு குறையும் கிடையாது. வால், அவ்வளவுதான். வகுப்பின் தேர்ச்சி சதவீதத்தைக் குறைப்பான் என்று அவனையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

தலைமையாசிரியர் இரண்டாம் மொழியிலிருந்து விலக்குக் கேட்கும் ஐந்து படிவங்களை நீட்டினார். "கையெழுத்து போட்டீங்கன்னா அதுங்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி, டீச்சர்."

படிவத்தோடு இணைத்திருந்த சுற்றறிக்கையின் கீழே, தேர்வுப் பிரிவு அதிகாரி என்று உன் கையெழுத்து. எட்டாம் வகுப்பில் விலக்கு வாங்கிய பிள்ளை பிறகு அந்தப் பாடத்துக்குள் திரும்ப முடியாது என்று ஆறாவது வரியில் இருக்கிறது. ஜன்னலுக்கு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்க ஆசை. அந்தப் படிப்பில் சேர இரண்டாம் மொழி தேறியிருக்க வேண்டும். இதைச் சுற்றறிக்கை எழுதும்போது யோசித்தாயா, சின்னு?

படிவங்களைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 3

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். அவருக்கு மட்டும் இடுப்பு வலி, நாற்காலியை மாற்றச் சொன்னால் மருந்தை மாற்றுகிறார்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கோபம் வந்தது. உனக்கு என் கையெழுத்துதான் தெரிகிறது. அந்தச் சுற்றறிக்கைக்கு முன்னால் என் அறையில் நடந்தது தெரியாது. ஒரு அப்பா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் மொழியில் மூன்றாவது முறை தோற்றவள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "இந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துடுங்கம்மா, எம்பொண்ணு பொழச்சுக்குவா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு உட்கார்ந்து எழுதியது அது. நான் எழுதியதிலேயே மனசாட்சியோடு எழுதியது என்றால் அது ஒன்றுதான்.

நீ நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளைத் தோல்வியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறாய். சின்ன வயதிலிருந்து நீ இப்படித்தான். எல்லாரும் வலப்பக்கம் போனால் உனக்கு இடப்பக்கம்தான் வழி.

கையெழுத்துப் போட்டுவிடு அக்கா. உன் தலைமையாசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். நீ என் அக்கா என்று அவருக்கு நான் சொல்லவில்லை. சொல்ல வைத்துவிடாதே.

உன்,
சின்னு


செப்டம்பர் 27

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கோபம் நியாயமானது. அந்த அப்பாவை நினைத்து எனக்கும் மனம் கனத்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் மூன்று முறை தோற்றாளே, மூன்று முறையும் அவளுக்கு ஒரே மாதிரிதானே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? பாடத்தை எடுத்தாய். சொல்லிக் கொடுத்த விதத்தை ஏன் எடுக்கவில்லை?

ஐந்து பேரும் இப்போது வகுப்பில்தான் இருக்கிறார்கள். நான்தான் முதலில் மாற வேண்டியிருந்தது. பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது ஜன்னல் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது எழுதும்போது பேசுவதில்லை, பேசும்போது எழுதுவதில்லை. முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்கிறேன். எழுத்து இடம் மாறுகிறவன் வாயால் கதை சொல்கிறான், நான் எழுதிக்கொள்கிறேன். தன் வாக்கியம் என்பதால் அதை விடாமல் படித்துவிடுகிறான். கை நடுங்குகிறவனுக்குச் சொல் அட்டைகள், எடுத்து வரிசையாக வைத்தால் போதும். நாலு மொழிக்காரி ஒவ்வொரு சொல்லுக்கும் தன் வீட்டுச் சொல்லையும் பலகையில் எழுதுகிறாள். கரண்டிக்கு நாலு மொழியில் நாலு பெயர் என்று தெரிந்ததும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் ஒருவரும் அந்தச் சொல்லை மறக்கவில்லை. வாலுக்கு மளிகைக் கடைக்காரன் வேஷம். இரண்டாம் மொழியில் கேட்டால்தான் சாமான் கொடுப்பான், தப்பாகக் கேட்டால் கடையைச் சாத்திவிடுவான். நன்றாக மார்க் வாங்கும் மற்றப் பிள்ளைகளுக்கே இப்போதுதான் வாய் வந்திருக்கிறது.

எல்லாம் பூவாக மலர்ந்துவிட்டது என்று நினைக்காதே. கை நடுங்குகிறவனின் அம்மா வாசலில் நின்று என்னைத் திட்டினாள்.

"எம்பிள்ளைக்கு ஒரு பாரம் கொறஞ்சதுன்னு இருந்தேன். மறுபடி தூக்கி வைக்க நீங்க யாரு?"

அவன்தான் உள்ளேயிருந்து, "நான் கிளாஸ்லயே இருக்கேன்மா, நீ போ" என்றான். அவள் போனாள். போகும்போதும் திட்டிக்கொண்டேதான் போனாள்.

காலாண்டில் ஐந்தில் மூன்று பேர் தோற்றுவிட்டார்கள். உனக்கு அறிக்கை வந்திருக்கும். போன வருடம் தோற்கக்கூட அவர்களுக்கு உரிமை இல்லை என்பதையும் அதில் சேர்த்துக்கொள்.

ஒரு உதவி. ஆண்டுத் தேர்வில் கேட்டல் பகுதிக்கு இருபது மதிப்பெண். அதைப் பதிவு செய்து ஒலிபெருக்கிப் பெட்டியில் போடுகிறீர்கள். ஜன்னலுக்கு அந்தப் பெட்டியிலிருந்து வருவது வெறும் இரைச்சல். ஒருவர் எதிரில் நின்று வாசித்தால் போதும். மற்றவர்கள் காதால் கேட்பதை அவள் கண்ணால் கேட்பாள். எழுத்துமூலம் மனு அனுப்பியிருக்கிறேன். பார்.

அன்புடன்,
அக்கா


நவம்பர் 14

அன்பு அக்காவுக்கு,

மனு வந்தது. விதியில் இடமில்லை என்று பதில் போட்டிருக்கிறேன். ஒரு மாணவிக்காக வாசிப்பவரை நிறுத்தினால், வாசித்தவர் விடையைச் சொல்லிக் கொடுத்தார் என்று நாளைக்கு நாலு புகார் வரும். பெட்டி யாருக்கும் சொல்லிக் கொடுக்காது. அதற்காகத்தான் பெட்டி.

படிவங்களை நிறுத்தி வைத்ததற்கு உன்னிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வரும். கையெழுத்து என்னுடையதுதான். தெரியாமல் அனுப்புவதைவிடச் சொல்லிவிட்டு அனுப்புகிறேன்.

ஒரு வழி சொல்கிறேன், கேள். பிள்ளைகள் வகுப்பில் இருக்கட்டும், நீ உன் இஷ்டப்படி சொல்லிக் கொடு. தேர்வுக்கு மட்டும் விலக்கு வாங்கிவிடு. யாருக்கும் நஷ்டமில்லை.

போன மாதம் எனக்குப் பிறந்தநாள் வந்து போனது. முதல் முறையாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

சின்னு


மார்ச் 22

சின்னுவுக்கு,

பிறந்தநாளை மறந்தது என் தவறு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நீ சொன்ன வழியை ஜன்னலிடமே சொன்னேன். "அப்போ நான் கிளாஸ்ல விருந்தாளியா, டீச்சர்?" என்று கேட்டாள்.

உனக்குச் செய்தி வந்திருக்கும். இருந்தாலும் என் கையால் எழுதித் தருகிறேன். கேட்டல் தேர்வன்று அறையில் நான்தான் கண்காணிப்பு. பெட்டியைப் போட்டார்கள். முப்பத்தெட்டுப் பேர் குனிந்தார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள். பெட்டிக்கு ஏது வாய்? எழுந்துபோய் அதை அணைத்தேன். உறைக்குள் இருந்த எழுத்துப் பிரதியை எடுத்து, வெளிச்சத்தில் நின்று, எல்லாருக்கும் சேர்த்து இரண்டு முறை வாசித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. மூன்று மனு போட்டுவிட்டுத்தான் செய்தேன். உணர்ச்சிவசப்பட்டுச் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து எழுத வேண்டாம். தெரிந்தேதான் செய்தேன். விளக்கத்திலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

விசாரணை முடியும்வரை பள்ளி வளாகத்துக்குள் நான் நுழையக்கூடாதாம். அந்தத் தேர்வு செல்லாதாம், மறுதேர்வாம். அதற்குத் தேர்வுப் பிரிவிலிருந்து நீயே வருகிறாய் என்று கேள்விப்பட்டேன். வா. உன் பெட்டியையும் கொண்டு வா. ஆனால் வேலை முடிந்து என் வீட்டுப் பக்கம் வராதே. இப்போது உனக்குக் கதவைத் திறக்க எனக்கு மனமில்லை.

அக்கா


ஏப்ரல் 11

அன்பு அக்காவுக்கு,

நீ சொன்னபடி உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. தெருமுனைவரை வந்து திரும்பிவிட்டேன். உன்னை உள்ளே விடாத இடத்தில் நடந்ததை நான்தானே உனக்குச் சொல்ல வேண்டும்? அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். யார் ஜன்னல் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. பெட்டியைப் போடச் சொன்னேன். முதல் வாக்கியம் போனது, இரண்டாவது போனது. ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு நிமிடம் அந்தப் பெட்டி யாருக்கோ பேசிவிட்டு ஓய்ந்தது.

ஒரு பையன் எழுந்தான். உன் மளிகைக் கடைக்காரன்தான் என்று பேசும்போதே தெரிந்தது.

"திமிர்ல எழுதாம இல்ல, மேடம். அவளுக்குக் கேக்கல. அவளுக்கும் கேட்டப்புறம் எழுதறோம்."

தலைமையாசிரியர் பாய்ந்தார். "எல்லாருக்கும் முட்டை போட்டுடுவாங்கடா!"

"போடட்டும் சார்" என்றாள் ஒரு பெண். அதை இரண்டாம் மொழியில் சொன்னாள், அக்கா. பிசிறில்லாமல் சொன்னாள்.

எனக்குச் சந்தேகம், நீதான் தூண்டிவிட்டாய் என்று. "உங்க டீச்சர் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அவங்களுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க மேடம்" என்றான் கடைக்காரன். "இருபது மார்க்காச்சே!"

மூன்று வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நான் விலக்கு கொடுத்திருக்கிறேன். வருவதற்கு முன் கோப்பில் எண்ணிப் பார்த்தேன். அதில் நான் நேரில் பார்த்தது அந்த அப்பாவோடு வந்த ஒருத்தியை மட்டும்தான். அவளிடம்கூட நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அப்பாவிடம்தான் பேசினேன்.

ஜன்னல் எழுந்து என் மேசைக்கு வந்தாள். உறையைக் காட்டினாள்.

"நீங்க வாசிங்க மேடம். நான் பாத்துக்கறேன்."

பெட்டியின் கம்பியை நானே பிடுங்கினேன். வாசிக்க ஆரம்பித்தேன். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. அவள் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினாள். இறக்கினேன். என் உச்சரிப்பு உனக்குத் தெரியும், மனப்பாடம் செய்தே தேறியவள் நான். இரண்டு இடத்தில் பிள்ளைகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் எழுதினாள்.

உறையின்மேல், "பெட்டி பயன்படுத்தப்படவில்லை. வாசித்தவர்: தேர்வுப் பிரிவு அதிகாரி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த விடைத்தாள்கள் செல்லுமா செல்லாதா என்று மேலே இன்னும் முடிவாகவில்லை. அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், எதிரில் நின்று வாசிக்க விதியில் இடம் வேண்டும் என்று குறிப்பு அனுப்பினேன். திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அனுப்பியிருக்கிறேன். இதையும் திருப்பி அனுப்பினால் மூன்றாவதும் தயாராக இருக்கிறது.

உன்னை நான் காப்பாற்றவில்லை. நீ விதியை மீறினாய் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அது உண்மைதானே. உனக்கு இடமாற்றம் வரலாம். விதியே தப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதுவும் உண்மை.

திங்கட்கிழமை எனக்கும் ஒரு குறிப்பாணை வந்தது. ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இருபது வருடமாக விளக்கம் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம், கொடுத்துப் பழக்கமில்லை. 'தெரிந்தேதான் செய்தேன்' என்பதை நீ எந்த வாக்கியத்தில் வைத்தாய் என்று தெரியவில்லை. உன் விளக்கத்தின் நகல் ஒன்று அனுப்பி வை, அக்கா. பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

உன்,
சின்னு